புதன்கிழமை லீவு

இங்க ஆள் வருதுங்களா? இல்லையா? அப்ப ஒக்காந்துக்கறேன் சிஸ்டர். கழுத்துல அட்டை தொங்குதே, அதை வெச்சுத்தான் சிஸ்டர்னு சொன்னேன். தனியார் ஆசுபத்திரியா? சரி, சரி.

தப்பா எடுத்துக்காதீங்க, மடியில வெச்சிருக்கீங்களே, அது டூட்டி சார்ட்டுதானே? கண்ணு தானா போயிருச்சு. மணிக்கணக்கு அடிச்ச தாளைப் பாத்தா எனக்குச் சும்மா இருக்க முடியாது. அந்த நைட் டூட்டிக் கட்டத்துலெல்லாம் வேலி அடிச்ச மாதிரி வரிசையாக் குறி விழுந்திருக்கு பாருங்க. அது எதுக்குன்னா, ராத்திரி எட்டுக்கு உள்ள வந்தவங்க காலையில எட்டுக்கு வெளிய போறாங்க. எட்டுல இருந்து இருபதைக் கழின்னா கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? முழிக்கும். மறுநாள் ஆயிருச்சுன்னு அதுக்கு நாமதான் சொல்லணும். ஒண்ணைக் கூட்டிவிட்டாப் போதும். ஒண்ணுன்னா ஒரு நாள்.

கீழ மொத்தமும் தப்பு. வாரத்துக்கு ஒரு ஆளு அம்பத்திநாலு மணி நேரம் பாத்திருந்தா அது ஆறுன்னு காட்டும். இருபத்திநாலு ஆனதும் சைபருக்குப் போயிரும், மிச்சத்தை மட்டும்தான் சொல்லும். கட்டத்தோட அமைப்பை மாத்தணும். பேனா குடுங்க, ஓரத்துல எழுதித் தர்றேன். இந்தாங்க. இதை உங்க ஆபீஸ்ல காட்டுங்க, புரிஞ்சுக்குவாங்க.

இருபத்தாறு வருசம் சிஸ்டர். நூல் மில்லுல டைம் ஆபீஸு. பேரு தண்டபாணி. மில்லுல யாரும் பேரு சொல்ல மாட்டாங்க, ‘டைம் சார்’தான். முதல்ல அட்டை இருந்துச்சு, அப்புறம் நோட்டு, அப்புறம் விரல் வைக்கிற மிஷினு. மிஷின் வந்ததும் எனக்கு வேலை போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. மிஷினு எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், அதை மட்டும்தான் சொல்லும். அதை ஷிப்டாப் பிரிச்சு, ஓட்டி, அதான் ஓவர்டைம், எவ்வளவு, வார லீவு எது, பர்மிஷன் எதுன்னு சொல்றது கம்ப்யூட்டர் ஷீட்டுதான். அந்த ஷீட்டு நான் போட்டது. நானூத்திப் பத்து ஆளு. ஒரு நிமிஷம் தப்பு வந்ததில்ல. எவன் வேணாலும் வந்து கேக்கட்டும்.

ரெண்டு ஷீட்டு வெச்சிருந்தேன். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, எல்லா மில்லுலயும் இருக்கறதுதான். சிவப்பு, பச்சைன்னு அடியில கலர் குடுத்திருந்தேன். சிவப்பு, நடந்தது நடந்தபடி. பச்சை, ஆடிட்டுக்கு. வெளிநாட்டுல இருந்து நூல் வாங்கறவன் ஆளு அனுப்புவான். எட்டு மணி நேரத்துக்கு மேல எவ்வளவு பாத்தாங்க, வாரத்துல ஒரு நாள் லீவு விட்டீங்களான்னு பாப்பான். அவனுக்குப் பச்சை. ஓட்டி பாத்த ஆளுக்குச் சேர வேண்டியது சிவப்பு ஷீட்டுப்படி கையில போயிரும். ஆக யாருக்கும் நட்டமில்ல.

பச்சை போடறதுதான் கஷ்டம். சிவப்பு தானா வந்துரும். பச்சையில எல்லாரும் சரியா ரெண்டு மணிக்கு வெளிய போனாங்கன்னு போட்டா ஆடிட்டரு கண்டுபுடிச்சிருவாரு. நானூறு பேரு எப்படி ஒரே நிமிஷத்துல போவாங்க? அதனால ஒருத்தன் ரெண்டு நாலுக்கு, ஒருத்தன் ஒண்ணு அம்பத்தொம்பதுக்கு, ஒருத்தன் ரெண்டு ஏழுக்குன்னு கம்ப்யூட்டரே கலைச்சுப் போடற மாதிரி ஒரு ஃபார்முலா கண்டுபுடிச்சேன். யாரும் சொல்லித் தரலை. ஒரு ஆடிட்டரு, மலையாளத்துக்காரரு, என் முதுகுல தட்டிட்டுப் போனாரு. ‘இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாக்கலை’ன்னாரு. மேனேஜர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. அது கெடக்கட்டும்.

சவரிமுத்துன்னு ஒருத்தன். கார்டிங்ல. பஞ்சைச் சீவி விடற மிஷினு, சத்தமும் தூசியுமா இருக்கும். என்னைவிட மூணு வயசு சின்னவன், நாப்பத்தெட்டு. எங்க தெருவேதான். என் வீடு முதல்ல, அவன் வீடு கடைசி. பொண்டாட்டி ஆரோக்கியமேரி, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. பெரியவளை நர்ஸுக்குத்தான் படிக்க வெச்சான், உங்க மாதிரி. இப்பப் படிக்குதான்னு தெரியலை. நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க.

போன வருசம் தீபாவளி முடிஞ்ச கையோட வடக்கத்திப் பையங்க நூத்தி முப்பது பேரு ஊருக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு ஏதோ பண்டிகை. பத்து நாளுன்னு போனவங்க இருபது நாளாகியும் வரலை. மில்லை நிறுத்த முடியுமா? நூல் கப்பலுக்குப் போகணும். அப்ப உள்ளூர் ஆளுங்கதான் டபுள் ஷிப்ட். காலையில ஆறுக்கு வந்து ராத்திரி பத்துக்குப் போறது. யாரு நிக்கணும்னு லிஸ்ட்டு நான்தான் குடுக்கணும். இஷ்டத்துக்குக் குடுக்கலை சிஸ்டர். யாரு கம்மியா நின்னிருக்காங்கன்னு ஷீட்டுல வரிசைப்படுத்தி, அவங்களைத்தான் முதல்ல போடுவேன். அவ்வளவு நியாயமாப் பண்ணேன்.

கார்டிங்ல ஆளு ரொம்பக் கம்மி. நாலு பேரு. அதுல ஒருத்தனுக்கு மஞ்சக்காமாலை. அதனால சவரி அடிக்கடி நிக்க வேண்டி வந்துச்சு. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை பதினாறு மணி நாலு நிமிஷம். திங்கள் பதினஞ்சு அம்பத்தெட்டு. செவ்வாய் பதினாறு பதினொண்ணு. புதன் பதினாறு ரெண்டு. எழுதி வெச்சுப் படிக்கலை, எனக்கு அப்படியே நிக்குது. மறக்கணும்னு நினைச்சாலும் முடியலை.

வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஜன்னலுக்கு வந்தான். டைம் ஆபீஸுக்குச் சின்னதா ஒரு கம்பி ஜன்னல் உண்டு, அதுல வந்து நிப்பாங்க. மண்டையெல்லாம் பஞ்சு. சிரிச்சுக்கிட்டேதான் வந்தான்.

“அண்ணே, இன்னைக்கு என்னை விட்டுருண்ணே. நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு. போய்ப் படுத்தாச் சரியாயிரும்”ன்னான்.

எனக்கு அன்னைக்கு என்ன நெலைமைன்னு பாருங்க. திங்கக்கிழமை ஆடிட்டு. நான் மூணு நாளாப் பச்சையிலயே முழுகிக் கெடக்கேன். காலையில ஏழுக்கு வந்தா ராத்திரி ஒன்பது. எனக்கு ஓட்டி உண்டா? கிடையாது. ஆபீஸ் ஸ்டாஃபுக்கு ஓட்டி கிடையாது. என் மணியை எவன் கணக்குப் போட்டான்? சரி, அவன் கேக்கறான்னு அவன் நம்பரைத் தட்டிப் பாத்தேன். வந்துச்சு. பாத்துட்டுச் சொன்னேன்.

“ஏன் சவரி, நேத்துத்தான லீவுல இருந்த?”

பச்சை ஷீட்டு சிஸ்டர். பச்சை தெறந்திருந்துச்சு. அதுல புதன்கிழமை அவனுக்கு வார லீவு. நான் போட்டதுதான், அன்னைக்குக் காலையில போட்டது.

அவன் என்னையே பாத்தான். அப்புறம் சிரிச்சான். கோபமாச் சிரிக்கலை, நான் ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டான் போல. “லீவா? சரிண்ணே, லீவுன்னா லீவுதான்”னுட்டு உள்ள போயிட்டான். மறுபடி கேட்டிருந்தா விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். அவன் கேக்கலையே. ஒருவாட்டிதான் கேட்டான்.

நாலு நாப்பதுக்குத் தகவல் வந்துச்சு. மிஷினுக்குப் பக்கத்துல பஞ்சு மூட்டை மேல சாஞ்சு ஒக்காந்திருந்தானாம். தூங்கறான்னு நினைச்சு சூப்பர்வைசர் திட்டியிருக்காரு. அப்புறம்தான் தொட்டுப் பாத்திருக்காங்க.

அந்த மானிட்டர் பழசு. சிவப்பு, பச்சை, ரெண்டும் அதுல ஒரே மாதிரி மங்கலாத் தெரியும். புதுசு வாங்கிக் குடுங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். அந்தக் கடுதாசிக்கெல்லாம் காப்பி இருக்கு. இதையெல்லாம் யாரு கேக்கறா?

நீங்க நர்ஸு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். தூக்கம் இல்லாம வேலை பாத்தா மாரடைப்பு வருங்களா? டாக்டரு மாரடைப்புன்னு மட்டும்தான் எழுதினாரு. எதனாலன்னு எழுதலை. அவன் பீடி குடிப்பான். அவங்கப்பாவும் நெஞ்சுவலியிலதான் போனாருன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் வழிவழியா வர்றதுதானே? எப்படியும் வந்திருக்கும்தானே? ஒரு வாரம் முன்னப்பின்ன... சரி. ஆளைப் பாக்காம நீங்க எப்படிச் சொல்ல முடியும்.

ஆம்புலன்ஸ் போனதும் நான் என் சீட்டுக்கு வந்தேன். போலீஸு வரும்னு தெரியும். சிவப்பு ஷீட்டை அழிச்சேன். அந்த மாசத்தை மட்டும் இல்ல, மொத்தத்தையும். பென் டிரைவ்ல ஒண்ணு இருந்துச்சு, அதையும். விரல் மிஷினுல இருந்த பதிவையும் விடலை. கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியையும் காலி பண்ணேன். மேனேஜர் சொல்லித்தான் பண்ணேன்னு தெருவுல பேசறாங்க, அது பொய். அவரு என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திட்டு, “தண்டபாணி, அந்த இன்னொரு ஷீட்டு...”ன்னு ஆரம்பிச்சாரு. “ஆச்சு சார்”னேன். அவருக்கு ஆச்சரியம். பத்து நிமிஷத்துக்கு முன்னாடியே முடிச்சிருந்தேன். இருபத்தாறு வருசத்துல அன்னைக்குத்தான் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு.

ஆரோக்கியமேரி லேபர் ஆபீஸ்ல கேஸ் குடுத்துச்சு. சங்கத்துல யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. தொடர்ந்து நாலு நாள் டபுள் ஷிப்ட் பாக்க வெச்சுத்தான் அவரு செத்தாருன்னு. வேலையினால வந்த சாவா, தானா வந்த சாவா, அதுதான் கேஸு. அதுல மில்லுத் தரப்புக்கு நான் சாட்சி. வேற யாரு போவாங்க? மணி சொல்ல வேண்டிய ஆளு நான்தான்.

பச்சையைப் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் பண்ணிக் கொண்டுபோய் வெச்சேன். ஆபீசர் நல்ல மனுசன். ஒவ்வொரு பக்கமாப் பொரட்டினாரு. ஞாயிறு எட்டு மணி நாலு நிமிஷம். திங்கள் ஏழு அம்பத்தேழு. செவ்வாய் எட்டு ஆறு. புதன் வார விடுமுறை. வியாழன் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் உள்ள வந்ததாப் போட்டிருந்தேன்.

“இதைத் தவிர வேற பதிவு எதுவும் இருக்கா?”ன்னு கேட்டாரு.

“இல்லைங்க”ன்னேன். அன்னைக்குத் தேதிக்கு இல்லைதானே? அழிச்சாச்சே. அதுல பொய் என்ன இருக்கு?

அப்புறம் ஆரோக்கியமேரியைக் கேட்டாரு. “புதன்கிழமை உங்க வீட்டுக்காரரு ராத்திரி பத்து வரைக்கும் மில்லுல இருந்தாருன்னு எதை வெச்சும்மா சொல்றீங்க?”

அது எந்திரிச்சு நின்னுச்சு. “ராத்திரிச் சாப்பாட்டை மில்லுக்குக் குடுத்துவிட்டேங்கய்யா. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். வீட்டுல இருக்கற மனுசனுக்கு எதுக்கு நான் மில்லுக்குக் குடுத்துவிடறேன்?”

“யாருகிட்ட குடுத்துவிட்டீங்க?”

அது திரும்பி என்னைக் காட்டுச்சு. “இந்த அண்ணன்கிட்டத்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு மில்லுக்குத் திரும்பறப்ப எங்க வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போனாரு. நாலு நாளும் அவருதான் கொண்டுபோனாரு.”

ஆபீசர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு என்னைப் பாத்தாரு. மேனேஜர் பின்னாடி ஒக்காந்திருந்தாரு. அவரைத் திரும்பிப் பாக்கலை நான். வக்கீல் எதுக்கோ தாளைத் தேடறாரு. ஃபேன் சுத்துது.

“எனக்கு ஞாபகம் இல்லைங்க”ன்னேன்.

ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னேன் சிஸ்டர். கொண்டுபோகலைன்னு சொல்லலை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கில்ல? ஆரோக்கியமேரி பொய் சொல்லுதுன்னு நான் சொல்லவே இல்லை. ஆபீசர் அதை எழுதிக்கிட்டாரு. ஆரோக்கியமேரி கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒக்காரும்மான்னு அவரு சொன்னப்புறம்தான் ஒக்காந்துச்சு.

எனக்கும் குடும்பம் இருக்கு. ரிட்டையர்டுக்கு இன்னும் ஏழு வருசம். என் பொண்டாட்டி காந்திமதிக்கு இதெல்லாம் புரியாது. அன்னைக்கு வீட்டுக்குப் போறதுக்குள்ள அவளுக்குச் சேதி போயிருச்சு. சோத்தைப் போட்டு வெச்சுட்டு எதுத்தாப்புல ஒக்காந்தா.

“ராத்திரி பத்தரைக்கு நம்ம வாசலைத் தாண்டித்தான சவரியண்ணன் வீட்டுக்குப் போவாரு. அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். நாலு நாளும் கேட்டேன். என்னைக் கூப்பிட்டிருந்தா நான் வந்து சொல்லியிருப்பேன்”னா.

“செருப்புச் சத்தமெல்லாம் சாட்சி ஆகாதுடி”ன்னேன்.

அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசலை. எதைப் பத்தியும் பேசறதில்ல. தட்டை வெப்பா, எடுப்பா. எட்டு மாசம் ஆகுது. நான் என்ன அவளுக்குக் கெடுதல் பண்ணேன்? அவளுக்காகவும்தானே நின்னேன்.

இன்னைக்குத்தான் தீர்ப்பு. காலையில மில்லு ஜீப்புல கூட்டிட்டு வந்தாங்க. கேஸு தள்ளுபடின்னு ஆனதும் மேனேஜரும் வக்கீலும் ஓட்டலுக்குச் சாப்பிடக் கெளம்பினாங்க. ஜீப்புல எடம் இருந்துச்சு. “தண்டபாணி, நீங்க பஸ்ல வந்துருங்க, எங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு”ன்னுட்டாரு. அவருக்காக இவ்வளவு பண்ணியிருக்கேன், ஒரு சாப்பாடு. பசிக்காக இல்லை சிஸ்டர், ஒரு மரியாதை. நேத்து இன்னொரு சேதி வேற காதுல விழுந்துச்சு, கோயமுத்தூர்ல இருந்து ஏதோ கம்பெனி வந்து கணக்கையெல்லாம் எடுத்துக்கப் போகுதாம். டைம் ஆபீஸே வேண்டாமாம். கேட்டா, ‘பாக்கலாம் தண்டபாணி’ங்கறாரு.

லேபர் ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஆரோக்கியமேரி நேரா என்கிட்ட வந்துச்சு. திட்டப் போகுதுன்னுதான் நினைச்சேன். திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். அதுவும் இல்லை. சங்கத்துக்காரங்க வரலை போல, தெரிஞ்ச மூஞ்சின்னு அங்க நான் ஒருத்தன்தான். தீர்ப்புத் தாளை நீட்டுச்சு.

“அண்ணே, இதுல என்ன போட்டிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே. உள்ள ஆபீசரு வேகமாப் படிச்சாரு, ஒண்ணும் வெளங்கலை.”

படிச்சேன். எல்லாத்தையும் படிக்கலை, நடுவுல இருந்து. ‘பதிவேட்டின்படி இறந்தவர் முந்தின நாள் முழு ஓய்வில் இருந்துள்ளார் என்பதால்’னு இருந்துச்சு.

“முழு ஓய்வுன்னா என்னண்ணே?”ன்னுச்சு.

“லீவுன்னு அர்த்தம்மா. ரெஸ்ட்டு எடுத்ததுன்னு.”

சரின்னு தலையாட்டுச்சு. தாளை வாங்கி நாலா மடிச்சு, மஞ்சப்பையில வெச்சுக்கிட்டுப் போயிருச்சு.

முன்னாடி பாருங்க, மூணாவது சீட்டு, ஊதாச் சேலை. ஜன்னல் கம்பியில தலையைச் சாச்சுட்டுத் தூங்குதே. அதுதான். ஏறினதுக்கப்புறம்தான் பாத்தேன், அதனாலதான் இங்க பின்னாடி வந்துட்டேன். மெதுவாப் பேசறேன் பரவாயில்லையா? காதுல விழாதுதானே, இந்தச் சத்தத்துல?

மொத்தம் எவ்வளவுன்னு அது கேட்டதே இல்ல சிஸ்டர். வக்கீலும் கேக்கலை, ஆபீசரும் கேக்கலை. நாலு நாளு, அப்புறம் வியாழக்கிழமை காலை ஆறுல இருந்து நாலு நாப்பது வரைக்கும். எழுபத்திநாலு மணி அம்பத்தஞ்சு நிமிஷம். உங்க சார்ட்டுல போட்டா ரெண்டு மணி அம்பத்தஞ்சு நிமிஷம்னுதான் காட்டும். வீட்டுலகூட சொன்னதில்ல, இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சொல்றேன். உங்ககிட்ட சொல்றதுல என்ன, நீங்க யாரோ, நான் யாரோ.

போய்ச் சொல்லலாம்ங்கறீங்களா? யாருகிட்ட? எதை வெச்சு? அழிச்சாச்சு சிஸ்டர். நான் சொன்னா மட்டும் நம்புவாங்களா? ‘அன்னைக்கு ஞாபகம் இல்லைன்னீங்க, இன்னைக்கு எப்படி நிமிஷத்தோட ஞாபகம் வந்துச்சு?’ன்னு ஆபீசரு கேப்பாரு. கேக்கத்தானே செய்வாரு. நான் அவரு எடத்துல இருந்தாலும் அதைத்தான் கேப்பேன். பச்சையில ஓட்டையே கிடையாது. எங்கயாவது ஒரு எடத்துல தப்பு விட்டிருந்தேன்னா அவங்க புடிச்சிருப்பாங்க. விடலையே.

இருங்க, எங்க ஸ்டாப்பு வருது.

முழிச்சிருச்சு. எந்திரிச்சு இப்படித்தான் வருது, பின் படிக்கட்டுக்கு. நீங்க பாட்டுக்கு வெளிய பாருங்க.

...இல்லம்மா, நீ இறங்கு. எனக்கு அடுத்த ஸ்டாப்புல ஒருத்தரைப் பாக்கணும். ஆமா, ஆமா. பையைப் புடிச்சுக்க, படி ஒசரமா இருக்கு. பாத்து. காந்திமதிகிட்ட... சரி, ஒண்ணுமில்ல. நானே சொல்லிக்கறேன். நீ போம்மா.

கேட்டீங்கள்ல? ‘அண்ணே, நம்ம ஸ்டாப்பு வந்துருச்சு, தூங்கிட்டீங்களா’ன்னு கேக்குது. எதுக்கு அது என்கிட்ட அப்படிப் பேசுது சிஸ்டர்? எல்லாம் தெரிஞ்சும். நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாமில்ல? மனசுல ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? அப்படித்தானே எடுத்துக்கணும்?

யாரையும் பாக்கறதுக்கு இல்லை. சேந்து இறங்கினா தெருவரைக்கும் சேந்து நடக்கணும். பத்து நிமிஷம். ரெண்டு வீட்டுக்கும் அதே வழிதான். அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி நடந்தா அரை மணி நேரம், அதுக்குள்ள அது வீட்டுக்குப் போய்ச் சேந்திருக்கும்.

இதுதான் அந்த ஸ்டாப்பு. அந்த டீக்கடையில நிக்கறவங்க எங்க மில்லு ஆளுங்க. ரெண்டு மணி ஷிப்ட் முடிஞ்சு வந்தவங்க. கார்டிங்ல சவரியோட நின்னவன்கூட இருக்கான், கட்டம் போட்ட சட்டை. இவங்க முன்னாடியா இறங்கறது?

இல்ல கண்டக்டர், இறங்கலை. போகட்டும், ரைட்டு குடுங்க.

நீங்க கடைசி ஸ்டாப்பு கரூர்வரைக்கும்தானே? கரூர்ல இருந்து இந்தப் பக்கமா வர்ற கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு தெரியுங்களா சிஸ்டர்?